மலை வீட்டின் பழைய வயரிங்: எங்கே தொடங்குவது?

குன்னூருக்குக் குடிவந்த முதல் டிசம்பரில், குளியலறைக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் விரல் நுனி சுருக்கென்றது. அந்தக் குளிரில் இரும்பைத் தொட்டால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்காவும், "கீழேருந்து வந்தவங்களுக்கு முதல் வருஷம் எல்லாமே கடிக்கும்" என்று சிரித்தார். மூன்று வாரம் கழித்து வேறு வேலையாக வந்த வயர்மேன் அண்ணன், கையோடு கையாக டெஸ்டரைக் குழாயில் வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்த குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. கீசர் காயிலில் கசிவு. கசிந்ததை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் இணைப்பு என்பதே வீட்டில் கிடையாது. கசிந்த கரண்ட் தண்ணீர்க் குழாய் வழியாக என் விரல்வரை வந்திருக்கிறது. ஈரத்தரைக்குப் பயந்து ரப்பர் செருப்போடு குளிக்கப்போகும் பழக்கம் இருந்ததால் இன்று இதை எழுதுகிறேன்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய வீட்டை வாங்குகிறவர்களும் வாடகைக்கு எடுக்கிறவர்களும் வருஷா வருஷம் கூடிக்கொண்டேதான் போகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் செலவைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கண்ணாடிபோல் மின்னும் சுவிட்ச் போர்டு, அடுத்து ரூம் ஹீட்டர், அடுத்து இன்வெர்ட்டர். எர்த் இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கும்னுதான் நினைக்கிறேன்" என்று பதில் வரும். பணம் கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை, வேலையின் வரிசை சரியாக இருக்க வேண்டும். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் சும்மா பாருங்கள்

பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932-ல். அதற்குப் பிறகு பல காலகட்டங்களில் கரண்ட் இழுத்த வீடுகள் இவை. ஒரே கூரைக்குக் கீழே மூன்று தலைமுறை வயரிங் இருப்பது சகஜம். முன்னறையில் தேக்குக் கேசிங், அதாவது மூடி போட்ட மரப்பட்டி. நடுவறையில் மரச்சட்டத்தின் மேல் தகரக் கிளிப் அடித்த பேட்டன் வயரிங். பின்னால் சேர்த்துக் கட்டிய சமையலறையில் பி.வி.சி. பைப். மூன்றும் எங்கேயோ கூரைக்கு மேல் ஒரு முறுக்குச் சேர்ப்பில் கைகோத்திருக்கும். பெரும்பாலும் ஆபத்து அந்தச் சேர்ப்பில்தான்.

தேக்குக் கேசிங்குக்குள் இருக்கும் வயரை ஒருமுறை பார்த்திருக்கிறேன். மேலே பருத்தி நூல் பின்னல், அதற்குள் ரப்பர். மூடியைத் திறக்கும்வரை ஒழுங்காகத்தான் இருந்தது. விரலால் லேசாக வளைத்ததும் ரப்பர், வெயிலில் கிடந்த பழைய ரப்பர் பேண்ட் மாதிரி துண்டு துண்டாக உதிர்ந்து, உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. இத்தனை வருஷம் அந்த ரப்பர் பிடித்து நின்றதற்கு ஒரே காரணம், யாரும் அதை அசைக்கவில்லை. ஆகவே ஆசைப்பட்டு நீங்களே மூடியைக் கழற்றாதீர்கள். பெயின்ட் அடிப்பவர்கள் பட்டியை இழுத்து ஓரம்கட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையால் தொடாமல் கவனிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. வட்டமான கறுப்புச் சுவிட்சைச் சுற்றிச் சுவர் பழுப்பேறியிருக்கிறதா? சுவிட்ச் போடும்போது உள்ளே சிடுசிடுவென்று சத்தம் வருகிறதா? ஹீட்டர் போட்டு அரைமணி கழித்து பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா? கருகிய மீன்வாடை மாதிரி ஒன்று போர்டுப் பக்கம் வருகிறதா? சீலிங் பலகைக்கு மேல் எலி ஓடுகிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். குளிர்காலத்தில் எலிக்குக் கதகதப்பான இடம் அதுதான். பல்லைத் தேய்க்கக் கிடைப்பது வயர்.

மூன்று முள் சாக்கெட் இருந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மின்சாமான் கடையில் மூன்று விளக்கு வைத்த சாக்கெட் டெஸ்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைச் செருகினால் எர்த் இணைப்பு இல்லாததையும், பேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்) இடம் மாறியிருப்பதையும் சொல்லிவிடும். சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது பெரிய ஓட்டை மேலே இருந்தால், வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல், மேலே எர்த். ஆனால் அந்தக் கருவி ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. எர்த் இல்லாத வீட்டில், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலில் இருந்து ஒரு சின்னத் துண்டு வயரை மேல் முள்ளுக்குக் கொடுத்து "எர்த் கொடுத்தாச்சு" என்று போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கருவி அதைச் சரி என்றே காட்டும். அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால், பிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். வயர்மேனை வைத்து இரண்டு மூன்று சாக்கெட்டையாவது கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

மெயின் போர்டில் ஒளிந்திருப்பது

பழைய போர்டில் வெள்ளைப் பீங்கான் கட்டைகள் இருக்கும். கிட்கேட் பியூஸ் என்பார்கள். அதில் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, உள்ளே இருக்கும் கம்பி. அடிக்கடி பியூஸ் போகிறதே என்று யாரோ ஒரு புண்ணியவான் மின்வயரை உரித்து நாலு இழை செம்பை முறுக்கிக் கட்டியிருப்பார். அதற்குப் பிறகு போர்டில் பியூஸ் இருந்தும் இல்லாத கணக்கு. வீட்டில் எந்த வயர் மெலிந்ததோ அதுவே பியூஸாகிறது. அது பெரும்பாலும் மரச்சீலிங் மேல் இருக்கிறது.

இரண்டாவது, கட்டைகளின் எண்ணிக்கை. மிகப் பழைய வீடுகளில் பேஸுக்கு ஒரு பியூஸ், நியூட்ரலுக்கும் ஒரு பியூஸ் வைத்திருப்பார்கள். நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், விசிறி நின்றுவிடும், ஹோல்டரில் மட்டும் கரண்ட் உயிரோடு இருக்கும். "கரண்ட் இல்லையே" என்று பல்பைக் கழற்றப் போகிறவர் கதி என்னவாகும் என்று யோசியுங்கள். அந்த நியூட்ரல் பியூஸை எடுத்துவிட்டு நேர் இணைப்பாக மாற்றச் சொல்லுங்கள். சுவிட்ச் நியூட்ரல் பக்கம் இருந்தாலும் இதே கதைதான். சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் டெஸ்டர் எரிந்தால் அந்தச் சுவிட்ச் பேஸ் பக்கம் மாற வேண்டும்.

மீட்டருக்கு முன்னால் உள்ளது, சீல் வைத்தது எல்லாம் ஈ.பி.யின் சொத்து. அதில் நீங்களும் கைவைக்காதீர்கள், உங்கள் வயர்மேனும் கைவைக்கக் கூடாது.

எர்த் குழி

மலைச்சரிவில் எர்த் போடுவது கீழ்நாட்டு வேலை மாதிரி இல்லை. தரைக்குக் கீழே ஓரடியில் பாறை முட்டலாம். இல்லாவிட்டால் தடுப்புச் சுவருக்குப் பின்னால் கொட்டி நிரப்பிய மண்ணாக இருக்கலாம். கொட்டிய மண்ணில் ஈரம் நிற்காது. ஈரம் இல்லாத மண் கரண்டை வாங்காது. வழக்கமான முறை, சுமார் 2.5 மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல் வைப்பது. வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி, இயற்கையாக ஈரம் இருக்கும் மண்ணாகப் பார்த்துத் தோண்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் சமையலறைத் தண்ணீர் போகும் பக்கம், சேம்பு தானாக முளைத்துக் கிடந்த இடத்தைப் பார்த்ததுமே அண்ணன் கடப்பாரையை ஊன்றிவிட்டார். சரிவில் உப்பை மழை கரைத்துக்கொண்டு போய்விடும் என்பதால், சில வருஷத்துக்கு ஒருமுறை குழியைக் கவனிக்க வேண்டும்.

"தண்ணீர்க் குழாயிலேயே எர்த் கொடுத்திருக்கு சார்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் முழுக்க இரும்புக் குழாய் மண்ணுக்குள் போனது. இப்போது நடுவில் எங்காவது ஒரு முழம் பி.வி.சி. போட்டு ஒட்டியிருப்பார்கள். அதோடு எர்த் அறுந்தது. மிச்சமிருக்கும் இரும்பு, கசிவை வீடெங்கும் பரப்புகிற வேலையை மட்டும் செய்யும். என் குழாய் கடித்த கதை அதுதான்.

போட்டு முடித்ததும் எர்த் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை ஓம் குறைவோ அத்தனை நல்லது. ஐந்துக்குள் வந்தால் நிம்மதி. மழையில் அளந்தால் எந்தக் குழியும் நல்ல கணக்குக் காட்டும். மார்ச் மாத வறட்சியில் அளந்த அளவே நம்பத்தக்கது.

அதே வாரத்தில் ஆர்.சி.சி.பி.

எர்த் மட்டும் போதாதா, கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எதற்கு என்று கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்கு. பாறை மண்ணில் உங்கள் எர்த் 20 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். கீசரில் முழுக் கசிவு ஏற்பட்டால் 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். கீசருக்கு வைத்திருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவு மீறிக் கரண்ட் போனால் தானே விழும் சுவிட்ச், பியூஸின் இடத்தில் வந்தது) என்றால் அது அசையாது. கீசரின் தகர உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும், பில்லும் ஏறும்.

ஆர்.சி.சி.பி. வேறு மாதிரிக் கணக்குப் பார்க்கிறது. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தால், அது மண்ணுக்குப் போனதோ மனிதர் உடம்புக்குள் போனதோ, கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுகிறது, ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாற்றுகிறது என்று வயர்மேன்கள் சொல்வது சரிதான். இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

கடையில் பழக்கத்தில் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றுதான் கேட்பார்கள். பெயர் எதுவானாலும் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 100, 300 என்று வருவது தீ விபத்துத் தடுப்புக்கு. ஷாக்கிலிருந்து ஆளைக் காக்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதன் முகத்தில் 'டி' என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்குங்கள். டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும். நான் கேஸ் சிலிண்டர் மாற்றுகிற அன்று அமுக்குகிறேன், தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு: வீட்டுக்காரர் எர்த் போட்டுத் தரத் தயங்கினால்கூட, ஆர்.சி.சி.பி.யை உங்கள் செலவிலாவது வைத்துவிடுங்கள். எர்த் இல்லாத வீட்டிலும் அது உயிரைக் காக்கும். ஆனால் கசிவு உங்கள் உடம்பு வழியாகப் போகும்போதுதான் விழும். ஒரு அடி வாங்கித்தான் பிழைப்பீர்கள்.

காலை ஆறரை மணிக் கணக்கு

மலையில் லோடு ஏறுவது பகலில் இல்லை. டிசம்பர் காலை ஆறரைக்கு வீட்டில் எது எது ஓடும் என்று எழுதிப் பாருங்கள். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். 2 கிலோவாட் ரூம் ஹீட்டர் கிட்டத்தட்ட 9. ஒன்றரைக் கிலோவாட் கெட்டில் ஆறரை. இதற்கே இருபத்தெட்டு ஆயிற்று. இன்டக்ஷன் அடுப்பும் இஸ்திரிப்பெட்டியும் சேரவில்லை. இந்த வீடு கட்டியபோது அதன் முழுத் தேவை எட்டு பல்பும் ஒரு ரேடியோவும்.

ஆகவே சுமை தூக்கும் சாமான்களுக்குப் போர்டிலிருந்து தனித்தனி லைன் இழுக்க வேண்டும். விளக்கு, விசிறிக்கு 1.5 சதுர மி.மீ. வயர், 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி. ஹீட்டர் செருகும் பவர் சாக்கெட்டுக்கு 2.5, எம்.சி.பி. 16. கீசருக்கு 4, எம்.சி.பி. 20. மீட்டரிலிருந்து போர்டுக்கு வரும் மெயினுக்கு, சிங்கிள் பேஸ் இணைப்பில் 6-க்குக் குறையாமல், எம்.சி.பி. 32. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதே என்று வயரை மாற்றாமல் பெரிய எம்.சி.பி.யை வைப்பது, பியூஸில் செம்புக் கம்பி கட்டியவரின் வேலையேதான், புது உடையில்.

வயதான வயர்மேன்கள் இன்னும் 3/20, 7/20 என்றே பேசுவார்கள். 20 கேஜ் கம்பி மூன்று இழை, ஏழு இழை என்று பொருள். முதலாவது ஏறக்குறைய 2 சதுர மி.மீ., இரண்டாவது நாலரை. கேட்டுக் குழம்ப வேண்டாம். பில்லில் சதுர மி.மீ. எழுதி வாங்குங்கள். சில வீடுகளில் அலுமினிய வயர் இருக்கும். திருகு தளர்ந்து சூடேறுவது அதன் பிறவிக்குணம். அதைச் செம்போடு முறுக்கிச் சேர்க்கவே கூடாது. முழுதாக எடுத்துவிடுவது நல்லது.

சாமான் வாங்கி முடித்தபின் ஈ.பி.யில் அனுமதித்த லோடு எவ்வளவு என்று பாருங்கள். வீட்டில் வைத்திருப்பது அதைத் தாண்டினால் லோடு உயர்த்தக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வீடு வாங்கியவர்கள் பெயர் மாற்றத்தையும் அப்போதே முடித்துக்கொள்ளலாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டர் செருகாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

சுவரை வெட்டாமல்

கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவரில் காடி வெட்டி பைப் புதைப்பது எனக்கு உடன்பாடில்லை. வெட்ட வெட்டக் கல் பெயர்ந்து வரும். நவம்பர் ஈரம் முழுக்க அந்தக் காடி வழியாக இறங்கும். சுவருக்கு மேலேயே பி.வி.சி. பைப் ஓட்டுங்கள். பார்க்க அழகில்லை என்பார்கள். கோளாறு வந்தால் ஏணி போட்டுக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம், அந்த அழகு போதும். தேக்குப் பட்டிகள் மேல் ஆசை இருந்தால் அவற்றை வெறுமனே விட்டுவையுங்கள், உள்ளே வயரில்லாமல்.

சீலிங் மேல் போகும் லைன் எல்லாம் பைப்புக்குள்தான் போக வேண்டும். சேர்ப்பு எதுவும் மூடி போட்ட பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். குளியலறையில் கீசர் சுவிட்ச் கதவுக்கு வெளியே. இரட்டை முனை சுவிட்சாக இருந்தால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இரும்பு வாளி வேண்டாம். பிளக்கை உருவிவிட்டுத்தான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும், சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வைக்கக் கூடாது.

வீட்டுக்கு வெளியே

கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் தகரக் கூரையில் உரசுகிறதா பாருங்கள். காற்றில் ஆடி ஆடி மேல்தோல் தேய்ந்தால் கூரையே கரண்டாகிவிடும், மழைத்தண்ணீர்க் குழாயோடு சேர்த்து. சர்வீஸ் பைப்பில் ஒரு முனை, கொய்யா மரத்தில் ஒரு முனை என்று துணி காயவைக்கக் கட்டுக்கம்பி கட்டியிருந்தால் இன்றைக்கே அறுத்து எறியுங்கள். நைலான் கயிறு போதும். தமிழ்நாட்டில் மழைக்காலந்தோறும் இந்தக் கம்பியால் சாவு வருகிறது.

சில்வர் ஓக், கற்பூர மரக்கிளைகள் லைன்மேல் சாய்ந்தால் நீங்களே அரிவாளோடு ஏறாதீர்கள். ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்தைக் கூப்பிடுங்கள், எண் 94987 94987. கம்பி அறுந்து தரையில் கிடந்தால் யாரையும் பக்கத்தில் விடாமல் நின்றுகொண்டு அழையுங்கள்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் போவது இங்கே சாதாரணம். அதற்காக ஜெனரேட்டர் வாங்கினால், ஈ.பி. லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்தே தீர வேண்டும். சும்மா சாக்கெட்டில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுத்தால், அது கம்பத்துக்குத் திரும்பி ஏறும். மேலே நின்று கம்பியைக் கட்டிக்கொண்டிருப்பவர் உங்கள் ஊர் லைன்மேன். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி ஆர்.சி.சி.பி. கேளுங்கள், பேட்டரியில் ஓடும்போது மெயினில் உள்ளது காப்பாற்றாது.

யாரை, எப்போது

தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் உள்ள ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று உள்ள வயர்மேன், இந்த இரண்டைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். மெக்கர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 500 வோல்ட் மெக்கரால் ஒவ்வொரு லைனையும் அளந்தால், வயரின் தோல் இன்னும் தாங்குமா என்று தெரிந்துவிடும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்த லைனை அப்படியே விடக் கூடாது. அந்த அளவுகளையும் எழுதி வாங்குங்கள்.

ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச்வரை வேலைக்கு ஏற்ற காலம். கூடலூர்ப் பக்கம் ஜூனிலிருந்து மழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில்தான் உண்மையான மழை. இதில் ஒரு வேடிக்கை: எர்த் குழியைக் காய்ந்த மார்ச்சில் சோதிக்க வேண்டும், வயரின் தோலை நனைந்த நவம்பரில் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அதன் மோசமான நாளில் பார்த்தால்தான் நிஜம் தெரியும். மெக்கருக்காக நவம்பரில் அண்ணனை இன்னொரு முறை கூப்பிடுங்கள், ஒருமணி நேர வேலை.

எல்லாம் முடிந்தபின், போர்டுக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதுங்கள். முதல் பெருமழையில் ஆர்.சி.சி.பி. விழும். பயந்துபோய் அதைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லாதீர்கள். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள்; பிறகு ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் ஈரம். எல்லாம் இறக்கியும் நிற்கவில்லை என்றால் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது, வயர்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் ஆறாவது எம்.சி.பி.யில் விழுந்தது. தாளில் 'கேட் லைட்' என்று இருந்தது. மெயினை அணைத்துவிட்டுக் குடையோடு போய்க் கண்ணாடிக் குடுவையைக் கழற்றினேன். பாதிக் குடுவை தண்ணீர், அதில் பல்பின் கழுத்துவரை மூழ்கி, ஓரத்தில் ஒரு நத்தை.